எழுபது பேருக்கு வேலை: அதில் பயிற்சியின் பங்கு எவ்வளவு?

"நூறு பேருக்குத் தையல் பயிற்சி அளித்தோம், எழுபது பேர் இன்று வேலையில் இருக்கிறார்கள்" என்று ஒரு பயிற்சி மையத்தின் நிறைவு விழாவில் அறிவித்தால் கைதட்டல் எழும். மறுநாள் அதுவே "70% வெற்றி" என்று அச்சாகும். திட்டத்தைப் பிடிக்காதவர்களோ, "முப்பது பேர் இன்னும் வீட்டில்தான் இருக்கிறார்கள், மக்கள் பணம் வீண்" என்பார்கள். இரு தரப்பும் சண்டையிட்டாலும் இரண்டுமே ஒரே எண்ணை நம்பித்தான் பேசுகின்றன. அந்த எண் பொய்யானது என்று நான் சொல்லவில்லை. பயிற்சிக்குப் பிறகு என்ன நடந்தது என்பதை மட்டுமே அது சொல்கிறது; பயிற்சியால் என்ன நடந்தது என்பது வேறு கேள்வி, அதற்கு இந்த எண்ணில் பதில் கிடையாது.

ஒன்றிய அரசு 2014-இல் தொடங்கிய தீன்தயாள் உபாத்யாயா கிராமின் கௌசல்ய யோஜனா என்ற ஊரக இளைஞர் பயிற்சித் திட்டம், பயிற்சி பெற்றவர்களில் குறைந்தது 70 விழுக்காட்டினரையாவது வேலையில் அமர்த்த வேண்டும் என்று பயிற்சி நிறுவனங்களுக்கு நிபந்தனை விதித்தது. மூன்று மாதமாவது வேலையில் நீடித்தால்தான் கணக்கில் சேரும் என்றும் வரையறுத்தது. பணம் வாங்கிக்கொண்டு ஏமாற்றாமல் இருக்க ஒப்பந்ததாரருக்குப் போடும் கடிவாளம் என்ற அளவில் இது சரியான ஏற்பாடுதான். அதையே திட்டத்தின் பயன் என்று எடுத்துக்கொள்ளும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது.

மூன்று நாளில் இறங்கும் காய்ச்சல்

சாதாரணக் காய்ச்சல் வந்தவருக்கு எப்போது கஷாயம் வைத்துக் கொடுக்கிறோம்? உடம்பு லேசாகச் சுடும்போது யாரும் அடுப்படிக்குப் போவதில்லை. சூடு உச்சத்துக்கு ஏறி, ஆள் எழுந்து உட்கார முடியாமல் போகும்போதுதான் சுக்கும் மிளகும் தேடுகிறோம். உச்சத்துக்குப் போன காய்ச்சல் கஷாயம் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் பெரும்பாலும் இறங்கத்தான் போகிறது. அது இறங்கிய பிறகு பெயர் கஷாயத்துக்குப் போய்விடுகிறது.

வேலைப் பயிற்சிக்கு வருகிறவர்களும் அப்படித்தான் வருகிறார்கள். நன்றாகச் சம்பாதித்துக்கொண்டிருக்கும்போது யாரும் ஆறு மாதப் பயிற்சிக்கு விண்ணப்பிப்பதில்லை. மில் மூடப்பட்டு, ஒப்பந்தம் முடிந்து, கையில் காசு வற்றிய பிறகுதான் வருகிறார்கள். அந்தக் கட்டத்தில் மாத வருமானம் மூவாயிரம் என்றும், பயிற்சி முடிந்து ஓராண்டில் பத்தாயிரம் என்றும் வைத்துக்கொண்டால், ஏழாயிரமும் பயிற்சி தந்தது என்று கணக்கெழுதத் தோன்றும். அவரோ அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாயிரம் வாங்கிக்கொண்டிருந்தவராக இருக்கலாம்.

இதை எண்களால் காட்டியவர் அமெரிக்கப் பொருளியலாளர் ஆர்லி ஆஷன்ஃபெல்டர். அமெரிக்க அரசின் பயிற்சித் திட்டமொன்றில் 1964-இல் சேர்ந்தவர்களின் வருமானத்தை ஆண்டுவாரியாக எடுத்து அவர் 1978-இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சிக்குச் சற்று முன்பே அவர்களது வருமானம் பள்ளத்தில் விழுந்திருந்தது தெரிந்தது. இன்றும் இத்துறையினர் அதை "ஆஷன்ஃபெல்டர் சரிவு" என்றே அழைக்கிறார்கள். பள்ளத்தின் அடியிலிருந்து அளந்தால் எந்த மேடும் உயரமாகத்தான் தெரியும்.

ஆகவே ஒருவரின் முந்தைய நிலையோடு பிந்தைய நிலையை ஒப்பிடுவது போதாது. அதே மனிதர் அதே காலத்தில் பயிற்சி பெறாமல் இருந்திருந்தால் எப்படி இருந்திருப்பாரோ அதனோடுதான் ஒப்பிட வேண்டும். அந்தக் கற்பனை நிலைக்கு இக்கட்டுரையில் "மாற்று நிலை" என்று பெயர் வைத்துக்கொள்வோம். அதை யாராலும் நேரில் பார்க்க முடியாது. ஒரே ஆள் ஒரே ஆண்டில் பயிற்சி பெற்றவராகவும் பெறாதவராகவும் இருக்க முடியாதே. மதிப்பீடு என்ற துறை முழுவதும் இந்தக் காணாத நிலையை நேர்மையாக ஊகிப்பதற்கான முயற்சிதான்.

ஆள் பார்த்துச் சேர்க்கும் டியூஷன்

"அப்படியானால் பயிற்சி பெறாத வேறு சிலரோடு ஒப்பிட்டுவிட்டால் போயிற்று" என்று அடுத்து தோன்றும். பத்தாம் வகுப்பில் 450-க்கு மேல் வாங்கியவர்களை மட்டும் சேர்த்துக்கொள்ளும் டியூஷன் சென்டர் ஒன்றை நினைத்துப் பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்ததும் வாசலில் ஃப்ளெக்ஸ் வைப்பார்கள்: எங்கள் மாணவர் அனைவரும் தேர்ச்சி. தெருவில் உள்ள மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் அந்த சென்டர் அற்புதம் நிகழ்த்தியது போலத் தெரியும். யாரைச் சேர்த்தார்கள் என்று கேட்டால் அற்புதம் பாதியாகிவிடும்.

பயிற்சிக்கு வருகிறவர்களும் வராதவர்களும் தொடக்கத்திலேயே வேறுபட்டவர்களாக இருப்பதால் ஒப்பீட்டில் நுழையும் பிழைக்குத் "தேர்வுச் சாய்வு" என்று பெயர். இது இரண்டு பக்கமும் சாயும் என்பதுதான் தொல்லை. தானாகத் தேடி வந்து விண்ணப்பிக்கிறவருக்கு ஊக்கம் கூடுதலாக இருக்கும். பயிற்சி இல்லாவிட்டாலும் அவர் வேலை தேடிக்கொண்டிருப்பார். மையமோ எழுபது விழுக்காட்டு நிபந்தனையை எட்டுவதற்காக, எளிதில் வேலை கிடைக்கக்கூடியவர்களையே பார்த்துச் சேர்க்கும். பாலின் மேலே படியும் ஆடையை மட்டும் வழித்தெடுப்பது என்று அமெரிக்காவில் இதற்கு ஒரு வழக்கே உண்டு. இவை திட்டத்தை உள்ளதைவிட நல்லதாகக் காட்டும். மாறாக, மிகவும் நலிந்தவர்களுக்கென்றே நடத்தப்படும் திட்டம் சராசரித் தொழிலாளியோடு ஒப்பிடப்பட்டால் உள்ளதைவிட மோசமாகத் தெரியும்.

எவ்வளவு மோசமாக என்பதற்கு ஒரு புகழ்பெற்ற உதாரணம் இருக்கிறது. 1970-களின் நடுவில் அமெரிக்காவில், சிறை மீண்டவர்கள், போதைப் பழக்கத்திலிருந்து வெளியே வந்தவர்கள், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்கள், அரசு உதவித்தொகையில் வாழ்ந்த தாய்மார்கள் ஆகியோருக்கு ஓராண்டு அளவிலான மேற்பார்வையுடன் கூடிய வேலை தந்து பழக்கும் திட்டமொன்று நடத்தப்பட்டது. தகுதியானவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சேர்த்ததால், அதன் உண்மையான பயன் எவ்வளவு என்பதற்கு நம்பகமான விடை கையில் இருந்தது: ஆண்களுக்கு 1978-இல் ஆண்டுக்குச் சுமார் 886 டாலர் கூடுதல் வருமானம். ராபர்ட் லலோண்ட் என்ற பொருளியலாளர் 1986-இல் ஒரு குறும்பான சோதனை செய்தார். குலுக்கலில் இடம் கிடைக்காதவர்களை ஒதுக்கிவிட்டு, அவர்களுக்குப் பதிலாகத் தேசிய அளவிலான குடும்ப வருமானக் கணக்கெடுப்பிலிருந்து ஆட்களை எடுத்து ஒப்பிட்டார். பயிற்சி பெற்றவர்கள் 15,000 டாலருக்கும் மேல் பின்தங்கியிருப்பதாக விடை வந்தது. வயது, கல்வி, முந்தைய வருமானம் ஆகியவற்றில் இருந்த வேறுபாடுகளை அக்காலத்தில் பழக்கத்திலிருந்த கணித முறைகளால் சரிக்கட்டிப் பார்த்தபோதும் விடைகள் முறைக்கு முறை தாவின. பல உண்மைக்கு அருகில்கூட வரவில்லை. அந்தக் கட்டுரைக்குப் பிறகு புள்ளிவிவர முறைகள் நிறையவே செம்மையடைந்துவிட்டன. ஆனாலும் "சரிக்கட்டிவிட்டோம்" என்று யாராவது சொன்னால், எதைக் கொண்டு என்று கேட்கும் பழக்கம் அன்றிலிருந்து வந்ததுதான்.

சுருங்கச் சொன்னால், பயிற்சி பெற்றவரை அவரது பழைய நிலையோடு ஒப்பிட்டாலும் தவறலாம், பக்கத்து வீட்டுக்காரரோடு ஒப்பிட்டாலும் தவறலாம்.

குலுக்கல் செய்யும் வேலை

தனியார் பள்ளிகளில் கல்வி உரிமைச் சட்டத்தின் கீழான இடங்களுக்கு விண்ணப்பம் கூடிப்போனால் குலுக்கல் நடத்துவதை நாம் பார்த்திருக்கிறோம். சீட்டு யாருடைய பெயரில் விழும் என்பதில் அக்குழந்தையின் திறமைக்கோ பெற்றோரின் ஊக்கத்துக்கோ பங்கு கிடையாது. எனவே சீட்டு விழுந்தவர்களும் விழாதவர்களும், எண்ணிக்கை போதுமான அளவு பெரிதாக இருந்தால், எல்லா வகையிலும் சராசரியாக ஒரே மாதிரி இருப்பார்கள். அளக்கக்கூடிய வயதிலும் படிப்பிலும் மட்டுமல்ல, அளக்க முடியாத ஆர்வத்திலும் குடும்பச் சூழலிலும்கூட. இந்தக் கடைசிப் பகுதியைத்தான் எந்தக் கணிதச் சரிக்கட்டலாலும் உறுதியாகத் தர முடியாது.

பயிற்சித் திட்டத்தில் இதையே செய்வதற்குச் "சமவாய்ப்பு ஒதுக்கீடு" என்று பெயர். சீட்டு விழாதவர்கள் "ஒப்பீட்டுக் குழு" ஆகிறார்கள். நாம் தேடிய மாற்று நிலைக்கு அவர்களே உருவம் தருகிறார்கள். நம் தையல் மையத்துக்குத் தகுதியுள்ள 200 பேர் விண்ணப்பித்ததாகவும், குலுக்கலில் 100 பேர் சேர்க்கப்பட்டதாகவும் கொள்வோம். ஓராண்டு கழித்துச் சேர்க்கப்பட்டவர்களில் 70 பேரும் சேர்க்கப்படாதவர்களில் 62 பேரும் வேலையில் இருந்தால், திட்டத்தின் பயன் எழுபது அல்ல, எட்டு. விழா மேடையில் சொல்லக் கூச்சப்பட வேண்டிய எண்ணாக அது தோன்றலாம். உண்மையில் நூற்றுக்கு எட்டு என்பது இத்துறையில் நல்ல விளைவு.

குலுக்கல் நியாயமா என்ற கேள்வி எப்போதும் எழும். எல்லாருக்கும் இடம் இருக்கும்போது சிலரை வேண்டுமென்றே மறுத்தால் அது தவறுதான். இடம் நூறும் விண்ணப்பம் இருநூறுமாக இருக்கையில் எப்படியும் நூறு பேருக்கு இல்லை என்றுதான் சொல்லப் போகிறோம்; சிபாரிசுக் கடிதத்தைவிடச் சீட்டு எந்த வகையில் கொடியது என்று எனக்கு விளங்கவில்லை.

சீட்டு விழாதவர்கள் சும்மா இருப்பதில்லை

அமெரிக்காவில் 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடந்த வேலைப் பயிற்சித் திட்டத்தை, 16 இடங்களில் ஏறக்குறைய 20,000 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து மதிப்பிட்டார்கள். முப்பது மாதக் கணக்கில் வயது வந்த பெண்களின் வருமானம் பத்து விழுக்காட்டை ஒட்டியும், ஆண்களின் வருமானம் ஐந்து விழுக்காட்டை ஒட்டியும் கூடியிருந்தது. இளைஞர்களுக்குக் குறிப்பிடத்தக்க பயன் ஏதும் தெரியவில்லை. நாடாளுமன்றம் பிறகு இளைஞர் பிரிவுக்கான நிதியைக் கடுமையாக வெட்டியது.

இந்த ஆய்வை வாசிக்கையில் கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, சீட்டு விழுந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளவர்கள் பயிற்சியில் சேரவே இல்லை. இடையில் வேறு வேலை கிடைத்திருக்கும், அல்லது வீட்டில் ஏதாவது ஆகியிருக்கும். சேர்ந்தவர்களை மட்டும் பிரித்தெடுத்து ஒப்பிட்டால் தேர்வுச் சாய்வு பின்வாசல் வழியாக மீண்டும் நுழைந்துவிடும். எனவே சீட்டு விழுந்த அனைவரையும் ஒரு பக்கமாகவும், விழாத அனைவரையும் மறு பக்கமாகவும் வைத்துத்தான் முதலில் கணக்கிட வேண்டும். அப்படிக் கணக்கிட்டு மாதம் 600 ரூபாய் வேறுபாடு வருகிறது, நூற்றுக்கு அறுபது பேரே சேர்ந்தார்கள் என்றால், சேராதவர்களுக்குச் சீட்டால் எதுவும் ஆகியிருக்காது என்ற அனுமானத்தில், சேர்ந்த ஒருவருக்குக் கிடைத்தது 1,000 ரூபாய் என்று பிறகு வகுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, ஒப்பீட்டுக் குழுவினர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. கணிசமானோர் சமுதாயக் கல்லூரிகளிலும் பிற இடங்களிலும் அதே போன்ற பயிற்சியைத் தேடிப் பெற்றார்கள். ஆகவே அந்த ஆய்வு அளந்தது "பயிற்சி இருப்பதற்கும் இல்லாததற்கும்" உள்ள வேறுபாட்டை அல்ல. "இந்தத் திட்டம் இருப்பதற்கும், ஊரில் ஏற்கெனவே உள்ளவை மட்டும் இருப்பதற்கும்" உள்ள வேறுபாட்டை. பயன் சிறிதாக வந்தால் பயிற்சியே பயனற்றது என்று முடிவு கட்டுபவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

எப்போது அளப்பது

பயிற்சியில் உட்கார்ந்திருக்கும் காலத்தில் ஒருவர் வேலை தேடுவதில்லை, சம்பாதிப்பதும் இல்லை. அதனால் சீக்கிரம் அளந்தால் பயிற்சி பெறாதவரே முன்னணியில் இருப்பார். இதற்கு "முடக்க விளைவு" என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் 16 முதல் 24 வயதுடையோருக்குத் தங்கும் வசதியுடன் நடக்கும் ஜாப் கோர் திட்டத்தில் 1994-க்கும் 1996-க்கும் இடையில் குலுக்கல் ஆய்வு நடந்தது. தொடக்கத்தில் பயிற்சிக் குழுவின் வருமானம் குறைவாக இருந்து, நான்காம் ஆண்டில் சுமார் 12 விழுக்காடு கூடுதலானது. வரிப் பதிவுகளைக் கொண்டு அதற்குப் பின்னும் தொடர்ந்து பார்த்தபோது, இருபது வயதைக் கடந்து சேர்ந்தவர்களுக்கு மட்டுமே அந்தப் பயன் நிலைத்தது. ஓராண்டில் அளந்தவர் திட்டத்தை மூடச் சொல்லியிருப்பார், நான்காண்டில் அளந்தவர் விரிவாக்கச் சொல்லியிருப்பார்.

எதைக் கொண்டு அளப்பது என்பதும் உடன் வரும் சிக்கல். அங்கே முதலாளிகள் காலாண்டுக்கு ஒருமுறை சம்பள விவரத்தை அரசுக்குத் தர வேண்டியிருப்பதால் பதிவுகள் கிடைக்கின்றன. இங்கே வருங்கால வைப்பு நிதிப் பதிவைப் பார்க்கலாம் என்றால், அது பொதுவாக இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கானது. பயிற்சி முடித்து வீட்டுத் திண்ணையில் இயந்திரம் போட்டு ரவிக்கை தைக்கும் பெண் அதில் இருக்க மாட்டார். அப்படியானால் அலைபேசியில்தான் அழைக்க வேண்டும். ஆறு மாதத்தில் பலரின் எண் மாறியிருக்கும். எடுத்தவரிடம் "வேலையில் இருக்கிறீர்களா?" என்று கேட்டால், தீபாவளி சமயத்தில் இரவு பகலாகத் தைத்துவிட்டு மார்கழியில் கை ஓய்ந்திருக்கும் அவர் என்ன சொல்வார்? படிவத்தில் ஆம், இல்லை என்று இரண்டே கட்டங்கள் இருக்கும்.

கடிதமே வேலை செய்த கதை

பயன் இருக்கிறது என்று தெரிந்தாலும் அது எதனால் வந்தது என்பது தனிக் கேள்வி. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் 1990-களில், வேலையிழந்து உதவித்தொகை பெறுபவர்களில் நீண்ட காலம் வேலையின்றி இருக்க வாய்ப்புள்ளவர்களைப் புள்ளி போட்டுக் கண்டறிந்து, "மறுவேலைப் பயிற்சிகளில் கலந்துகொள்ளாவிட்டால் உதவித்தொகை நிற்கும்" என்று கடிதம் அனுப்பினார்கள். ஒரே புள்ளியில் பலர் இருந்து இடம் போதாதபோது கணினி சிலரைச் சமவாய்ப்பில் தேர்ந்தெடுத்தது; ஆய்வாளர்களுக்கு அது தானாக அமைந்த குலுக்கல்.

கடிதம் பெற்றவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக இரண்டு வாரத்துக்குச் சற்று மேல் குறைவாக உதவித்தொகை வாங்கினார்கள். வேலை தேடும் வகுப்புகள் பலன் தந்தன என்று அறிக்கை எழுதிவிடலாம். ஆனால் கால வரிசையில் பார்த்தபோது, பலர் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே, கடிதம் கைக்குக் கிடைத்தவுடனேயே உதவித்தொகைப் பட்டியலிலிருந்து வெளியேறியிருந்தது தெரிந்தது. வகுப்புக்குப் போய் உட்கார வேண்டுமே என்ற எண்ணமே அவர்களைக் கிளப்பிவிட்டது. அந்த வகுப்புகளின் பாடத்திட்டத்தைப் பெரும் செலவில் செம்மைப்படுத்தியிருந்தால் இந்தப் பயனில் ஒரு துளியும் கூடியிருக்காது.

நாற்காலி எத்தனை?

இசை நாற்காலி விளையாட்டில் ஒரு பிள்ளைக்கு மட்டும் ஓடப் பயிற்சி கொடுத்தால் அவனுக்கு நாற்காலி கிடைக்கும்; மொத்த நாற்காலிகள் கூடாது. வேலைச் சந்தையிலும், பயிற்சி பெற்றவர் பெறாதவரை முந்திக்கொண்டு அதே இடத்தில் அமர்ந்துவிட்டால், ஒப்பீட்டில் இருவருக்கும் இடையே வேறுபாடு தெரியும். ஊருக்கு ஆதாயம் இருக்காது. இதுவரை பாராட்டிய குலுக்கல்கூட இந்த இடத்தில் ஏமாற்றிவிடும். காரணம், நம் ஒப்பீட்டுக் குழுவே பாதிக்கப்பட்ட குழுவாகிவிடுகிறது.

பிரான்சில் புரூனோ கிரெப்போன், எஸ்தர் டுஃப்ளோ முதலிய பொருளியலாளர்கள் இதற்காகவே இரட்டைக் குலுக்கல் ஒன்றை வடிவமைத்தார்கள். படித்து வேலையில்லாமல் இருந்த இளைஞர்களுக்கு வேலை தேட உதவும் திட்டம் அது. 235 வட்டாரங்களில் ஒவ்வொன்றிலும் எத்தனை பேருக்கு உதவுவது என்பதையே முதலில் குலுக்கிப் போட்டார்கள்: சில இடங்களில் யாருக்கும் இல்லை, சிலவற்றில் கால் பங்கு, அரை, முக்கால், சிலவற்றில் அனைவருக்கும். பிறகு வட்டாரத்துக்குள் ஆட்களைக் குலுக்கினார்கள். எட்டு மாதத்தில் உதவி பெற்றவர்கள் நிலையான வேலை பெற்றிருப்பதில் தம் வட்டாரத்தில் உதவி பெறாதவர்களைவிட 2.5 விழுக்காட்டுப் புள்ளி, அதாவது நூறு பேருக்கு 2.5 பேர் அளவுக்கு, முன்னணியில் இருந்தார்கள். ஆனால் திட்டம் நடந்த வட்டாரங்களில் உதவி கிடைக்காதவர்களின் நிலை, திட்டமே இல்லாத வட்டாரத்தினரின் நிலையைவிடத் தாழ்ந்திருந்தது. வேலை அரிதாக இருந்த பகுதிகளில் இது இன்னும் கூடுதல். முன்னணியில் ஒரு பகுதி அடுத்தவரிடமிருந்து வந்தது என்பதே பொருள். ஓராண்டு முடிவதற்குள் அந்த முன்னணியும் கரைந்துவிட்டது.

டெல்லியில் தைத்தவர்கள்

வளரும் நாடுகளில் நடந்த தொழிற்பயிற்சிக் குலுக்கல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த உலக வங்கியின் டேவிட் மெக்கன்சி, பயிற்சியால் கூடுதலாக வேலை பெற்றவர்கள் நூற்றுக்குச் சராசரியாக இரண்டு அல்லது மூன்று பேர்தான் என்று 2017-இல் எழுதினார். மேலே கற்பனையாகச் சொன்ன எட்டு ஏன் நல்ல விளைவு என்பது இதிலிருந்து புரியும்.

சராசரிக்கு மேலே நின்ற திட்டமும் உண்டு. டெல்லியின் ஏழ்மையான குடியிருப்புகளில் பெண்களுக்கு ஆறு மாதத் தையல் பயிற்சி அளிக்கப்பட்டு, குலுக்கல் முறையில் மதிப்பிடப்பட்டது. சீட்டு விழுந்த பெண்களில் வேலையில் இருந்தோர், விழாதவர்களைவிட ஆறு விழுக்காட்டுப் புள்ளி அளவுக்குக் கூடுதல். சொந்தத் தையல் இயந்திரம் வைத்திருந்தோரும் கூடுதல். அங்கும் கணிசமான பெண்கள் இடையில் நின்றுவிட்டார்கள். ஏன் என்று பார்த்தபோது மையம் தொலைவில் இருந்ததும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததும் முக்கியக் காரணங்களாகத் தெரிந்தன.

நிறைவு விழாவில் சொல்லப்படும் விழுக்காட்டில் இப்படி நின்றுபோனவர்கள் வருவதே இல்லை, ஏனென்றால் அது பயிற்சியை முடித்தவர்களைக் கொண்டு வகுக்கப்படுகிறது. 150 பேர் சேர்ந்து 100 பேர் முடித்து 70 பேருக்கு வேலை கிடைத்தால், சேர்ந்தவர்களைக் கொண்டு வகுக்கையில் அது 47 விழுக்காடு. டெல்லி ஆய்வு நின்றுபோனவர்களையும் கணக்கிலேயே வைத்திருந்தது; அதனால்தான் மையம் தொலைவில் இருந்ததால் நின்றவரையும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் நின்றவரையும் பற்றி அதில் ஒரு வரியாவது எழுத முடிந்தது.